சாம்பியனும் சறுக்குவார், கத்துக்குட்டியும் கலக்குவார்: கோல்ஃப் விந்தைகள் தெரியுமா?

நாலு நண்பர்கள் லீவு போட்டுவிட்டு கோல்ஃப் ஆடக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் இது தொழில் இல்லை. ஞாயிறு தவறாமல் ஆடி, திங்கள் தவறாமல் முதுகுவலியோடு வேலைக்குப் போகும் ரகம். அதில் ஒருவரைக் கவனியுங்கள். முதல் குழியில் பந்து ஓடைக்குள். மூன்றாவதில் டி.வி.யில் காட்டத் தகுந்த ஓர் அடி. ஐந்தாவதில் மணலுக்குள் மாட்டிக்கொண்டு நாலு வெட்டு. எட்டாவதில் மறுபடி அபாரம்!

கத்துக்குட்டிகள்தான் இப்படி ஏறி இறங்குவார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! இந்த ஆட்டம் ஆள் பார்ப்பதே கிடையாது. நம்பாவிட்டால் அந்த நால்வரோடு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்கு வாருங்கள். கோல்ஃபின் தாய்வீடான 'ஓல்ட் கோர்ஸ்' மைதானத்தை ஒரு சுற்று சுற்றலாம்.

உலகப் புகழ் மைதானம் ஊர்ப் பொதுச்சொத்து, தெரியுமா?

மகா பணக்காரர்கள் மட்டும் உள்ளே போகும் இடம் என்றுதானே நினைத்தீர்கள்? ஓல்ட் கோர்ஸ் ஊருக்குச் சொந்தம்! இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்தால் குலுக்கல் போடுவார்கள். அதில் பெயர் வந்தால் நம் நண்பர்களும் சாம்பியன்கள் நடந்த அதே புல்லில் நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டமே கிடையாது. ஊர்மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுவார்கள்!

இந்த உரிமைக்கு வயது கொஞ்சமா? 1552-ல் பேராயர் ஹாமில்டன் தந்த சாசனம், அந்த நிலத்தில் முயல் வளர்க்க அனுமதித்த கையோடு, ஊர்மக்கள் கோல்ஃப் ஆடும் உரிமையையும் உறுதி செய்தது. அப்புறம் ஊருக்குப் பணமுடை வந்து நிலம் முயல் வியாபாரிகள் கைக்குப் போக, முயலா கோல்ஃபா என்று பெரிய சண்டையே மூண்டது! 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கி கோல்ஃபைக் காப்பாற்றினார்.

ஏன் 18 குழி, தெரியுமா?

ஏதோ பெரிய கணக்கு இருக்கும் என்று தேடாதீர்கள். ஒரு காலத்தில் இங்கே ஒரு சுற்று என்றால் 22 குழி. போகும்போது 11, அதே தடத்தில் திரும்பி வரும்போது 11. 1764-ல் முதல் நாலு குழிகள் ரொம்பக் குட்டையாக இருக்கின்றன என்று அவற்றை இரண்டாக்கினார்கள். போகும்போது இரண்டு குறைந்தது, வரும்போதும் இரண்டு குறைந்தது. மிச்சம் 18! பிற்பாடு உலகமே அதைப் பின்பற்றியது.

முதல் அடியே வெளியே போன சாம்பியன் யார், தெரியுமா?

முதல் குழியில் நிற்கும்போது நம் நண்பருக்குக் கை நடுங்கும். பின்னால் கிளப்ஹவுஸ், சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். ஆனால் எதிரே இருப்பது உலகிலேயே மிக அகலமான ஃபேர்வேக்களில் ஒன்று! முதல் குழியும் கடைசிக் குழியும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே புல்வெளியைப் பகிர்ந்துகொள்வதால் 120 கஜத்துக்கும் மேல் அகலம். இதைத் தவறவிட முடியுமா என்ன?

முடியும்! 1991-ல் பிரிட்டிஷ் ஓப்பன் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியர் இயன் பேக்கர்-ஃபின்ச், 1995-ல் இதே இடத்திலிருந்து அடித்த முதல் பந்து இடப்பக்கம் வளைந்து, அத்தனை அகலத்தையும் தாண்டி எல்லைக்கு வெளியே போய்விட்டது! நம் நண்பரின் பந்து ஓடையில் விழுந்ததெல்லாம் ஒரு விஷயமா?

பந்தில் ஏன் அம்மைத் தழும்பு, தெரியுமா?

வழவழப்பான பந்துதான் தூரம் போகும் என்று அடித்துச் சொல்வீர்கள். தலைகீழ்! குழிகள் உள்ள பந்து போகும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் வழவழ பந்து போகும். சின்னச் சின்னப் பள்ளங்கள் காற்றைப் பந்தின் முதுகோடு கொஞ்சம் கூடுதலாக ஒட்டி ஓடவைக்கின்றன. பின்னால் உண்டாகும் இழுவை குறைகிறது. பந்து பின்னோக்கிச் சுழல்வதால் மேலே தூக்கும் விசையும் கிடைக்கிறது. ஆனால் பந்து பக்கவாட்டில் சாய்ந்து சுழன்றால் அதே விசை அதைப் புதருக்குள் தள்ளிவிடும்! நம் நண்பரின் நல்ல அடிக்கும் கெட்ட அடிக்கும் காரணம் ஒன்றேதான்.

இது எப்படித் தெரிந்தது? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் பந்து உருட்ட ஆரம்பித்தார்கள். புதுப் பந்து தடுமாறியது, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தோ சீராகப் பறந்தது! உடனே புதுப் பந்தையே சுத்தியலால் கொத்த ஆரம்பித்துவிட்டார்கள். இதில் இன்னொரு சுவாரஸ்யம்: கிழக்கேயிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த விஷ்ணு சிலை உடையாமலிருக்கச் சுற்றி வைத்திருந்த கட்டாபெர்ச்சாவைக் காய்ச்சித்தான் அந்த வகையின் முதல் பந்தை உருட்டினார்கள் என்று கோல்ஃப் உலகில் ஒரு கதை உலவுகிறது. கதையோ நிஜமோ, பெருமாள் கோல்ஃபிலும் கால் வைத்துவிட்டார்!

கூட்டிப் பார்த்தால் எப்போதும் 18, தெரியுமா?

குழி இருக்கும் வழவழப் புல்தரைக்கு கிரீன் என்று பெயர். ஓல்ட் கோர்ஸில் 18 குழிக்கு 18 கிரீன் கிடையாது. 14 குழிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 7 பெரிய கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் பதினாறும் ஜோடி, மூன்றும் பதினைந்தும் ஜோடி, ஐந்தும் பதிமூன்றும் ஜோடி. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18! ஐந்தாவது, பதிமூன்றாவது குழிகளின் கிரீன் மட்டுமே சுமார் 37,000 சதுர அடி. 'கிரீனில் விழுந்துவிட்டது!' என்று நண்பர் குதிப்பார். கிட்டே போய்ப் பார்த்தால் குழி நூறு அடிக்கு அந்தப் பக்கம் இருக்கும்!

சரி, எட்டடியிலிருந்து உருட்டிக் குழியில் போடுவதாவது சுலபமா? அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களே அந்தத் தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதி முறைதான் போடுகிறார்கள். குழியின் விட்டமே நாலேகால் அங்குலம்தானே!

காற்றுக்கும் ஒரு ஸ்கோர் உண்டு, தெரியுமா?

இந்த மைதானம் ஆட்டிடையனின் வளைந்த கோல் மாதிரி. ஊரிலிருந்து ஒரே திசையில் போய், ஒரு வளைவு வளைந்து, திரும்பி ஊருக்கே வரும். போகும்போது கடல்காற்று முதுகில் என்றால் வரும்போது முகத்தில்! முதல் பாதியில் ராஜாவாக நடந்தவர் இரண்டாம் பாதியில் தவிப்பது அவர் குற்றமில்லை. 2015 பிரிட்டிஷ் ஓப்பனில் இங்கே அடித்த காற்றில் கிரீன் மேல் நின்ற பந்துகள் தாமாகவே உருண்டன! ஆட்டத்தையே மணிக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். ஞாயிறு முடியவேண்டிய போட்டி திங்கள்தான் முடிந்தது.

பாதியில் எழுந்து போனவர் பிற்பாடு என்ன ஆனார், தெரியுமா?

11-வது குழியின் மணற்பள்ளத்தைப் பார்த்தால் கும்பிடு போடுங்கள். 1921 பிரிட்டிஷ் ஓப்பன். அமெரிக்க இளைஞர் பாபி ஜோன்ஸ் அந்தப் பங்கரில் மாட்டிக்கொண்டு அடித்தார், அடித்தார். கோபம் தலைக்கேறி அந்தச் சுற்றையே கைவிட்டார்! அப்போது வயது 19.

அவரும் நம் நண்பர் மாதிரி பரிசுப் பணம் வாங்காத அமெச்சூர்தான்! 1927-ல் அதே மைதானத்தில் ஓப்பன் கோப்பையை வென்றார். 1930-ல் பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் அள்ளினார். அதில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் கிடைத்ததும் இங்கேதான். 1958-ல் ஊரே அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் யார்? பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1759-ல்!

நரகம் என்றே ஒரு பங்கர், தெரியுமா?

மொத்தம் 112 பங்கர்கள். பெயர்களைக் கேட்டாலே கிலி: சவப்பெட்டிகள், பிரின்சிபாலின் மூக்கு, நரகம்! 14-வது குழியின் நரகத்தில் 1995-ல் இறங்கியவர் சாதாரண ஆளில்லை, இதே மைதானத்தில் 1970-லும் 1978-லும் கோப்பை வென்ற ஜாக் நிக்லஸ். வெளியே வர நாலு அடி. அந்தக் குழிக்கு மொத்தம் 10!

17-வது குழி இன்னும் கொடுமை. ஹோட்டல் வளாகத்துக்கு மேலாகப் பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும். கிரீனுக்குப் பின்னால் ஒரு சாலை, பந்து அதில் விழுந்தாலும் அங்கிருந்தே அடிக்க வேண்டும்! 1978-ல் ஜப்பானின் டாமி நகஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். மெதுவாக உருட்டினார் பாருங்கள், பந்து நழுவி பங்கருக்குள் விழுந்தது. வெளியேற நாலு அடி, மொத்தம் 9! 2000-ல் டைகர் வுட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? நாலு நாளும் 112 பங்கரில் ஒன்றில்கூட விழாமல் கோப்பையோடு போனார்!

மோசமான குழியை மறக்கவைக்கும் கணக்கு, தெரியுமா?

ஒரு குழிக்குத் தேர்ந்தவர் எடுக்கும் அடி எண்ணிக்கைதான் பார். ஒன்று கூடினால் போகி, ஒன்று குறைந்தால் பேர்டி. ஒரே குழியில் 10 அடித்தால் நாளே பாழ் அல்லவா? ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற டாக்டர் கொண்டுவந்த முறையைப் பாருங்கள். பார் அடித்தால் 2 புள்ளி, போகிக்கு 1, பேர்டிக்கு 3. போகியைவிட மோசமானால் வெறும் பூஜ்யம், பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம்! 10 அடித்தாலும் 15 அடித்தாலும் அதே பூஜ்யம்தான். 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டியாக நடந்த இந்த முறைதான் இன்று நண்பர்கள் குழாம்களுக்கு உயிர்நாடி.

ஹேண்டிகேப் இன்னொரு அதிசயம். ஹேண்டிகேப் 18 உள்ளவருக்குக் குழிக்கு ஓர் அடி சலுகை. தாத்தாவும் பேரனும் சமமாக மோதலாம்! ஆனால் அது எல்லா ஆட்டங்களின் சராசரி இல்லை. 2020 முதல் உலகம் முழுதும் ஒரே கணக்கு: கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 மட்டும் எடுத்து சராசரி போடுவார்கள். ஆக, 'என் ஹேண்டிகேப் அளவுக்கு ஆடவில்லையே' என்று புலம்புவது பெரும்பாலான நாட்களில் இயல்பு!

நிலாவில் போய் சொதப்பியவர், தெரியுமா?

இதைவிடத் தூரமான கோல்ஃப் பயணம் உண்டா? 1971 பிப்ரவரி, அப்பல்லோ 14. விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் கோல்ஃப் மட்டையின் தலையைச் செருகி, விறைப்பான விண்வெளி உடையில் ஒரே கையால் வீசினார். முதல் வீச்சில் கிளம்பியது நிலாத் தூசிதான்! அப்புறம் பட்ட பந்து மைல் மைலாகப் போவதாகக் கூவினார். அரை நூற்றாண்டு கழித்துப் பழைய படங்களைத் துலக்கி அளந்தார்கள்: ஒரு பந்து 24 கஜம், இன்னொன்று 40 கஜம்! அடித்த தூரத்தைக் கூட்டிச் சொல்லும் கோல்ஃபர் வழக்கம் பூமியோடு நிற்கவில்லை.

121 அடித்தவர் பெயரில் போட்டியே நடந்தது, தெரியுமா?

மோரிஸ் ஃபிளிட்கிராஃப்ட் இங்கிலாந்தில் கிரேன் ஓட்டியவர். முழுசாக ஒரு சுற்றுகூட ஆடியதில்லை. 1976-ல் பிரிட்டிஷ் ஓப்பன் தகுதிச் சுற்றுக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று எழுதிக் கொடுத்து உள்ளே நுழைந்துவிட்டார். ஃபார்ம்பி மைதானத்தில் அடித்த அடிகள் 121, பாரைவிட 49 கூடுதல்! கூட ஆடியவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். அவரைத் தடுத்தும் ஆள் அடங்கவில்லை. பொய்ப்பெயரும் மாறுவேஷமுமாகத் திரும்பத் திரும்ப வந்தார்!

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகனில் பிளைத்ஃபீல்ட் என்ற கிளப், உறுப்பினர்கள் நண்பர்களைக் கூட்டிவந்து ஆடும் தன் போட்டிக்கு அவர் பெயரையே சூட்டியது. அவரை வரவழைத்து ஆடவும் வைத்தது. கோப்பை வென்ற எத்தனையோ பேருக்குக் கிடைக்காத மரியாதை இது. காரணம் எளிது: நண்பர்களோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் யாருக்கும், டைகர் வுட்ஸைவிட மோரிஸ்தான் நெருங்கிய சொந்தம்!