செல்லூர்த் தெருவில் தேங்கும் தண்ணீர் எங்கே போகவேண்டும்?

அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டி நிறைந்து நின்றால், முதலில் சல்லடை மூடியில் சிக்கிய சோற்றுப் பருக்கைகளைத்தான் எடுத்துப் போடுகிறோம். தண்ணீர் கொஞ்சம் இறங்கி மறுபடி நின்றுவிடும். அடைப்பு கீழே வளைகுழாயில் இருக்கிறது. அதைக் கழற்றி அலசினாலும், வெளியே தண்ணீர் போய்ச்சேரும் இடம் நிரம்பியிருந்தால் அதே குழாய் வழியாக அழுக்குத் தண்ணீர் மேலேறி வரும்.

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூரில் தெருவோர வடிகால்தான் அந்தச் சல்லடை மூடி, பந்தல்குடி கால்வாய்தான் வளைகுழாய், சேருமிடம் வைகை. 2024 அக்டோபர் 25 அன்று 9.8 செ.மீ. மழை கொட்டியது. செல்லூர் கண்மாய் நிரம்பி வெளியேறிய தண்ணீரும் அந்தக் கால்வாய்க்கே வந்தது. இரண்டு வெள்ளத்தைத் தாங்கும் அகலம் அதற்கு இல்லை. தெருத் தண்ணீர் இறங்க வழியின்றி வீடுகளுக்குள் புகுந்தது. அன்று தெரு வடிகால் பளிச்சென்று இருந்திருந்தாலும் செல்லூர் தப்பியிருக்காது.

ஆகவே தூர்வாருவதைக் கீழிருந்து மேலே செய்யவேண்டும். முதலில் வைகையில் கால்வாய் சேரும் முகம், பிறகு பாலங்களுக்கு அடியில் சேர்ந்த மண்ணும் ஆகாயத்தாமரையும், கடைசியாகத் தெரு. பனி கொட்டும் டொராண்டோவிலும் பெரிய சாலைகளில் பனியைத் தள்ளிவிட்டுத்தான் குடியிருப்புத் தெருக்களுக்கு வண்டி வருகிறது. ஆனால் பனி விழுந்த இடத்தில் கிடக்கும்; அள்ள அவகாசம் உண்டு. மழைத் தண்ணீர் காத்திருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் வேலை முடிந்திருக்கவேண்டும்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று, அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது. வழித்த எச்சிலைத் தொட்டி விளிம்பிலேயே வைப்பது போலத்தான். முதல் மழையில் அத்தனையும் உள்ளே சரிந்துவிடும். ஜேசிபி வரும் நாளிலேயே லாரியும் வரவேண்டும்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு, கண்மாய்த் தண்ணீரைத் தனியே வைகைக்குக் கொண்டுபோக 290 மீட்டர் நீளத்துக்கு சிமென்ட் கால்வாய் கட்ட அரசு 11.9 கோடி ரூபாய் ஒதுக்கியது. அடைத்த குழாயையே குத்திக்கொண்டிருக்காமல் இரண்டாவது குழாய் போடும் சரியான முடிவு அது. ஆனால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, தெரு வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மனு எழுதுகிறவர்கள் அது எந்தக் கால்வாயில் போய் விழவேண்டும் என்பதையும் எழுதி, இரண்டு அலுவலகத்துக்கும் கொடுக்கவேண்டும், ஆகஸ்டிலேயே கொடுக்கவேண்டும்.