தலைப்பு போதாது, கேள்வி வேண்டும்

சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் சிலர், தங்கள் ஆய்வு முன்மொழிவைக் காட்டி என்னிடம் கருத்துக் கேட்பதுண்டு. நான் பொருளியல் படித்தவன். ஆயினும் இவ்விரு துறைகளுக்கும் இடையே இருப்பது ஒரு வரப்புதான்.

விதிகள் எளியவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் படிப்பை 75 விழுக்காட்டுடன் முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல், 'நெட்' தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே பல்கலைக்கழகங்கள் சேர்க்கை நடத்த வழி செய்யப்பட்டது. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறாமல் தேர்ச்சி மட்டும் பெற்றோருக்குத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்பது கணக்கு.

அந்த எழுபதில் எனக்கு உடன்பாடில்லை. வேபரையும் துர்கைமையும் கொள்குறி வினாக்களுக்குள் அடக்கிவிடலாம். ஒரு தெருவைக் கூர்ந்து நோக்கும் கண்ணை எப்படி அடக்குவது? அது வெளிப்பட எஞ்சியிருப்பது அந்த முப்பதுதான். அங்கேதான் நம் மாணவர்கள் பலர் சறுக்குகிறார்கள்.

காரணம், அவர்கள் கொண்டு செல்வது தலைப்பு, கேள்வி அல்ல. 'திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு' என்ற வகை முன்மொழிவுகளை எத்தனை முறை படித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வயது, கல்வி, வருமானம் என்று அட்டவணைகள் நிரம்பும். எதை அறிய இந்த முயற்சி என்பது மட்டும் விளங்காது. கூலி எவ்வளவு என்று பொருளியலார் கேட்கட்டும். அந்த வேலை யார் மூலம் கிடைத்தது, அழைத்து வந்த ஒப்பந்தக்காரர் அதே ஊரா, அதே சாதியா, முன்பணம் வாங்கியவரால் இடையில் வேறு ஆலைக்கு மாற முடிகிறதா என்பவை சமூகவியலின் கேள்விகள். இவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டால், யாரிடம் பேசுவது, எங்கே தங்குவது, எந்த நூல்களுக்கு மறுமொழி சொல்வது என்பதெல்லாம் பின்தொடர்ந்து வரும்.

இதற்கு வெளிநாட்டுக் கோட்பாடுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களையே ஆராயச் சொன்னார். 1918-இல் அது நூலாயிற்று. அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு என்னும் சிற்றூருக்குப் பின்வந்த தலைமுறைகளின் ஆய்வாளர்களும் மீண்டும் மீண்டும் சென்றார்கள். விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர்கள் தொடங்கி வைத்த பணி அது!

கேள்வி அமைந்தபின் நெறியாளரைத் தேட வேண்டும். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே நெறிப்படுத்தலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்க முடியாது. ஆகவே, விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே அவருடைய கட்டுரைகள் இரண்டையேனும் படித்துவிட்டு, இடம் உண்டா என்று கடிதம் எழுதிக் கேட்பது நல்லது.

பணத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ.37,000. அது கிடைக்காதவர்களுக்கு, உதவித்தொகைத் திட்டம் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களில் ரூ.8,000, வேறு பல இடங்களில் அதுவும் இல்லை. ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டுகள், பொதுவாக ஆறாண்டுகள் வரை ஆகலாம். அத்தனை காலமும் வீட்டுச் செலவை யார் தாங்குவது என்பதைக் குடும்பத்தாருடன் அமர்ந்து முன்கூட்டியே பேசிவிட வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பாதியில் நின்றுபோனதை நான் கண்டது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.