வாரியத்திலும் வர்த்தகத்திலும் ஒரு சட்ட நிபுணர்

எந்தக் கம்பெனி எந்த ஊருக்கு என்ன கட்டணத்தில் விமானம் விடலாம் என்பதையெல்லாம் தானே நிர்ணயித்து, 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிறந்த அமெரிக்க ஸிவில் விமான வாரியம், நாற்பது வருஷ காலம் புதிய கம்பெனி ஒன்றைக்கூடப் பிரதான மார்க்கங்களை ஆண்ட பெரியவர்களின் வரிசையில் சேர விடவில்லை. பிரயாணிகளின் க்ஷேமத்துக்கு இது அவசியமே என்று அதிகாரிகள் நம்பியிருந்த நாளில், யேல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்ற மைக்கேல் லெவின் என்ற இளைஞர் கலிபோர்னியாவின் பக்கம் பார்வையைத் திருப்பினார். வாரியத்தின் அதிகாரம் மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் விமானங்களின் மீதுதான். கலிபோர்னியாவின் எல்லைக்குள்ளேயே பறந்த பஸிபிக் ஸௌத்வெஸ்ட் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டதன்று. லாஸ் ஏஞ்ஜலிஸிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு அக்கம்பெனி வாங்கிய கட்டணம், கீழ்க்கரையில் பாஸ்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே சற்றே அதிகமான தூரத்துக்கு வசூலித்ததில் ஏறக்குறையப் பாதியே என்பதையும், அப்படியிருந்தும் அது லாபத்தோடு நடந்ததையும் எடுத்துக்காட்டி, கட்டுப்பாடு தேவைதானா என்று 1965-ல் யேல் சட்டப் பத்திரிகையில் அவர் வினவினார்.

பத்து வருஷம் கழித்து விமானக் கட்டுப்பாட்டைப் பற்றி ஸெனேட்டர் கென்னடி நடத்திய விசாரணையில் கலிபோர்னியாவின் உதாரணமே பலமான சாட்சியமாயிற்று. ஆல்ஃப்ரெட் கான் தலைமை வகித்த வாரியத்தில் 1978-ல் உயர் அதிகாரியாக லெவின் அமர்ந்தார். அவ்வருஷம் அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட கட்டுப்பாட்டு நீக்கச் சட்டத்தின்படி அவ்வாரியமே 1984-ஆம் ஆண்டின் முடிவில் கலைந்தது.

அரசாங்க உத்தியோகத்தை விட்டுத் தொழில் துறைக்குச் செல்பவர்களை உலகம் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயந்தான். ஆனால் லெவின் அங்கே சென்று கற்றதை மறைத்துக்கொள்ளவில்லை என்பதே என் மதிப்பில் அவருடைய பெருமை. 1982 முதல் 1984 வரை நியூயார்க் ஏர் என்ற சிறு கம்பெனியின் தலைவராக இருந்து, பெரிய கம்பெனிகளோடு அன்றாடம் மல்லுக்கு நின்றவர் அவர். டிக்கட் ஏஜெண்டுகளின் மேஜையிலிருந்த கம்ப்யூட்டர்கள் பெரிய கம்பெனிகளின் உடைமை. அவற்றின் திரையில் உடைமைக்காரர்களின் விமானங்களே முன்னே தோன்றின. இந்தப் பாரபட்சம் கூடாதென்று விதி செய்தது, அஸ்தமிக்கும் தறுவாயிலிருந்த அதே வாரியந்தான். அடிக்கடி பறப்பவர்களுக்கு இலவசப் பிரயாணம், ஏஜெண்டுகளுக்கு அதிகக் கமிஷன், ஒரே கேந்திரத்தில் குவித்த விமானங்கள் ஆகிய இவையெல்லாம் பழைய கம்பெனிகளுக்குப் பண்டிதர்கள் எதிர்பாராத பலத்தைத் தந்துவிட்டன என்று 1987-ல் நீண்டதொரு கட்டுரையில் அவர் விவரித்தார்; விடுதலைக்காக வாதாடியவர்களுள் முதல்வரிசையில் நின்றவரே இதைச் சொன்னதால் அதற்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. பின்னர் நார்த்வெஸ்ட் கம்பெனியில் உயர் பதவி வகித்து, 2017-ல் காலமான அவர், இத்தனையும் அறிந்த பின்னரும், கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயித்த காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று ஒருபோதும் வாதிக்கவில்லை.