ஆளில்லாச் சத்திரங்கள்

பிற்பகல் மூன்று மணி. பனிப்புயல் பகலை விழுங்கிவிட்டது. வானம் எங்கே முடிகிறது, பூமி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. 'ஸ்கீ' என்னும் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு காலை முதல் 20 கிலோமீட்டர் வந்துவிட்ட பிரயாணி, பனியில் நட்டிருக்கும் மரக்கிளை ஒன்றைக் கண்களால் தேடுகிறான். அதோ ஒன்று, அதற்கப்பால் இன்னொன்று. கிளைகளின் வழியே தட்டுத் தடுமாறிச் சென்றால் ஒரு சிறு குடில். கதவு பூட்டியிருக்கிறது. ஆனால் சாவி அவன் பையிலேயே இருக்கிறது. உள்ளே ஒருவருமில்லை. அடுப்பருகே உலர்ந்த விறகு, பக்கத்தில் தீப்பெட்டி, அலமாரியில் டப்பியில் அடைத்த ஆகாரம், கட்டிலில் கம்பளி. எல்லாம் அவனுக்காகவே காத்திருக்கின்றன.

இது கட்டுக்கதையன்று. நார்வே தேசத்து மலைகளில் குளிர்காலந்தோறும் நடக்கும் விஷயம். அங்கே உல்லாச யாத்திரைச் சங்கமும் அதன் கிளைகளும் சேர்ந்து 550-க்கு மேற்பட்ட குடில்களைப் பராமரித்து வருகின்றன. சிலவற்றில் சமையற்காரரும் பணியாட்களும் உண்டு. ஆனால் மலைநடுவே உள்ள மிகப் பலவற்றில் காவலாள்கூடக் கிடையாது. சங்கத்தின் அங்கத்தினருக்கு ஒரு சாவி தரப்படுகிறது; பூட்டிய குடில்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே சாவி திறக்கும்.

இந்தச் சங்கம் 1868-ம் வருஷம் தோன்றியது. அதை நிறுவியவர் தாமஸ் ஹெப்டியே என்ற பாங்கி முதலாளி. அக்காலத்தில் நார்வே முழுச் சுதந்திரம் பெற்ற நாடன்று. பல நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு பிணைக்கப்பட்டிருந்த தேசம், 1814 முதல் ஸ்வீடன் அரசரின் கிரீடத்தின் கீழ் இருந்தது. 1905-ல்தான் அந்தத் தளையும் அறுந்தது. ஆகவே, தம் நாட்டு மலைகளைத் தாமே நடந்து கண்டறிய வேண்டும் என்ற ஆசையும், நாடு தமக்கே உரியது என்ற உணர்ச்சியும் அங்கே ஒருங்கே வளர்ந்தன. ருயூக்கன் என்ற பேரருவியைக் காண வருவோர் தங்குவதற்காகக் குரோக்கன் என்ற இடத்தில் சங்கம் தன் முதல் குடிலை அமைத்தது. இன்று 55 லட்சம் ஜனங்கள் கொண்ட அந்நாட்டில் சங்கத்தின் அங்கத்தினர் தொகை 3 லட்சத்துக்கு மேல்.

இவ்வளவு குடில்களையும் கட்டிக் காப்பது யார்? பெரும்பகுதி, கூலி வாங்காத தொண்டர்களே. நார்வேயின் பாஷையில் 'டுக்நாட்' என்று ஒரு சொல் உண்டு. ஊரார் ஒன்றுகூடி, கூலியில்லாமல் ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது என்று பொருள். ஒரு குடியானவன் வீட்டுக் கூரையை அண்டை அயலார் சேர்ந்து வேய்ந்து தருவது போன்ற பழக்கத்திலிருந்து வந்தது அது. ஏரி குளங்களைத் தூர் வாரும் குடிமராமத்தை அறிந்த நமக்கு இச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும். 2004-ல் நார்வே மக்கள் இதையே தங்கள் தேசத்தின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மலைமேல் குடில் கட்டுவது லேசான வேலையன்று. பனிச்சரிவு பாயாத இடமாகவும், தண்ணீருக்குச் சமீபமாகவும், அடுத்த குடிலுக்கு ஒரு பகலில் சென்று சேரக்கூடியதாகவும் இடம் பார்க்க வேண்டும். முற்காலத்தில் குதிரை முதுகிலும் மனிதர் முதுகிலும் ஏறிச் சென்ற மரமும் ஆணியும் இப்போது பனிவண்டியிலும் ஹெலிகாப்டரிலும் செல்கின்றன. ஒரே அடுப்பில் சீக்கிரம் சூடேறவேண்டும் என்பதால் வீட்டைச் சிறிதாகவே கட்டுகிறார்கள். காற்று பெயர்த்தெடுத்துப் போகாதபடி சில குடில்களைக் கம்பி வடங்களால் பாறையோடு பிணைக்கிறார்கள். மரமே இல்லாத உச்சிகளில் அருகிலேயே இன்னொரு சிறு குடிலையும் எழுப்புகிறார்கள். ஏனெனில், ஒன்று தீப்பற்றினால் அந்தக் குளிரில் மற்றொன்றே உயிர். ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னர்த் தொண்டர்கள் மலையேறி, பாதை நெடுகச் சிறு சிறு தூரத்துக்கு ஒன்றாகக் கிளைகளை நட்டு வருகிறார்கள். நம் பிரயாணி தேடிய கிளையும் அப்படி யாரோ நட்டதுதான்.

தங்குகிறவருக்கும் கடமைகள் உண்டு. எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்பதை அங்குள்ள புத்தகத்தில் எழுதவேண்டும். அவர் காணாமற்போனால் தேடுவோருக்கு அதுவே முதல் தடயம். தங்கியதற்கும் உண்டதற்கும் தாமே கணக்கெழுதித் தாமே பணம் செலுத்தவேண்டும். புறப்படுமுன் தரையைப் பெருக்கி, சாம்பலை அகற்றி, அடுத்து வருபவருக்காக விறகு பிளந்து அடுக்கவேண்டும். ஏமாற்றுவோர் இல்லையா? இருக்கத்தான் செய்கிறார்கள். ஆயினும் அந்தச் சிலருக்கு அஞ்சிப் பலருக்குக் கதவடைப்பதில்லை என்பதே சங்கத்தின் வழி.

மலைமேல் ஒரு கூரை எவ்வளவு பெரிய பொருள் என்பதற்குச் சரித்திரமும் சாட்சி. 1940-ல் ஜெர்மானியப் படை நார்வேயைக் கைப்பற்றியது. முதல் குடில் எழுந்த அதே ருயூக்கன் பள்ளத்தாக்கில், வேமோர்க் என்ற இடத்துத் தொழிற்சாலையில், ஜெர்மானியரின் அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய கனநீர் தயாராகிக்கொண்டிருந்தது. அதை அழிக்க வந்த நார்வே வாலிபர் நால்வர் 1942-43 குளிர்காலம் முழுதும் ஹார்டாங்கர் மேட்டுநிலத்துச் சிறு குடில்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள். உணவு தீர்ந்தபோது பாறைப் பாசியைத் தின்றார்கள். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் ஒரு பனிமான் கிடைத்ததால் பிழைத்தார்கள். பிறகு ரோன்னபெர்க் தலைமையில் அறுவர் வந்து சேர, 1943 பிப்ரவரி இறுதியில் ஒரு குண்டுகூடச் சுடாமல் காரியம் முடிந்தது. அவர்களில் ஐவர் ஸ்கீயிலேயே ஸ்வீடன் எல்லையைக் கடந்தார்கள். அந்த மேட்டுநிலத்தில் அக்குடில்களைக் கட்டியவர்கள் யுத்தத்தை நினைத்துக் கட்டவில்லை. எனினும் தேசத்தின் ஆபத்து வேளையில் அவையே அரண்களாயின.

ஆனால் கூரை மட்டும் உயிர் காக்காது. 1967-ம் வருஷ ஈஸ்டரின்போது மட்டும் 18 பேர் அம்மலைகளில் மாண்டார்கள். அதன்பின் செஞ்சிலுவைச் சங்கமும் யாத்திரைச் சங்கமும் மலையொழுக்க விதிகளைத் தேசமெங்கும் பரப்பின. 'காலத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை' என்பது அவற்றில் யாவரும் அறிந்த விதி.

எல்லாவற்றையும் சர்க்காரே செய்யட்டும் என்று கைகட்டி நிற்கும் ஜனங்கள் உலகில் பலர். முகமறியாத ஒருவனுக்காகக் கூரை வேய்ந்து, விறகு பிளந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் சிலரே. ஒரு தேசத்தின் பலம் இந்தச் சிலர் எத்தனை பேர் என்பதில் இருக்கிறது. புயல் ஓய்ந்த காலையில் நம் பிரயாணியும் கோடரியை எடுக்கிறான். அடுத்து வரப்போகிறவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் வருவான் என்று மட்டும் தெரியும்.