மலை இறக்கத்தில் கைவிட்ட பிரேக்!
நகம் அளவு ரப்பர் செய்த வேலை

கள்ளக்குறிச்சி,

கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும் அந்த ரப்பர். அது கெட்டால் மோட்டார் சைக்கிளோடு மனுஷனையும் பள்ளத்தில் தள்ளிவிடும்!

இது யாரோ சொன்ன கதை அல்ல. இந்த நிருபருக்கே நடந்தது.

வெள்ளிமலையில் செய்தி சேகரித்துவிட்டுக் கோமுகி அணைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் மெத்தென்று கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை!

கியரைக் குறைத்தேன். பின் பிரேக்கை மிதித்தேன். மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கி ஒருவழியாக நிறுத்தினேன். டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது.

காரணம் என்ன?

முந்தின வாரம்தான் பிரேக் கிட் மாற்றியிருந்தேன். மாட்டியவர் புது கப்பைப் பெட்ரோலில் கழுவி, "வழுக்கிக்கிட்டுப் போகட்டும்" என்று சாதா கிரீசும் தடவிவிட்டார். வந்தது வினை!

பிரேக் கப் ரப்பருக்குப் பெட்ரோல், எஞ்சின் ஆயில், கிரீஸ் மூன்றும் எமன். பட்டால் ஊறிப் பருத்துவிடும். பருத்த கப் பின்னுக்கு வராது. கையை எடுத்த பிறகும் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். சூடேறி ஆயில் கொதித்துக் குமிழி விடும். அப்புறம் லீவரைப் பிடித்தாலும் காற்றைப் பிடித்த மாதிரிதான்.

சமவெளியில் இது தெரியாமலே போகலாம். கல்வராயன் மலை இறக்கத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படி மாற்றணும்?

கப்பையும் சீலையும் புது பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் மாட்ட வேண்டும். கழுவுவதும் அதிலேயேதான். எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். மாட்டியதும் காற்றை முழுசாக வெளியேற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆயில் பெயிண்டில் சிந்தினால் பெயிண்டும் உரியும், ஜாக்கிரதை!

கியர் போட்டால் 'டக்'

ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் விட்டாலும் பின்னால் 'டக் டக்' என்று வண்டி உதறுகிறதா? பின் சக்கர ஹப்பில் இருக்கும் கப்ளிங் ரப்பர் போயிருக்கலாம். சிலர் டிரம் ரப்பர் என்பார்கள். எஞ்சின் இழுப்பைச் சக்கரம் அதிராமல் வாங்கிக்கொள்ள வைப்பது இதுதான்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின் ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் மாற்ற வேண்டியதுதான்.

ஆக்சிலைக் கழற்றிச் சக்கரத்தை இறக்கினால், ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் பாகத்தை ஹப்பிலிருந்து இழுத்து எடுத்துவிடலாம். பழைய ரப்பர்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள்; முழு செட்டாகப் போடுங்கள். உள்ளே போக மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இங்கேயும் கிரீஸ் கூடாது! கடைசியில் செயின் தொய்வைச் சரிபார்க்க மறக்க வேண்டாம்.

பெட்ரோல் டியூபும் இப்படித்தான். வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். சூடான எஞ்சின்மேல் ஒழுகினால் தீ!

டயர் விஷயம்

இரு சக்கர வண்டி டயரில் பட்டன் ஆழம் 0.8 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. தேய்ந்த அளவைக் காட்ட டயர் பள்ளத்துக்குள்ளேயே சின்ன மேடு வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது.

பட்டன் இருந்தாலும் பழைய டயர் இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டில் 4 இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது.

மரவள்ளி மூட்டை ஏற்றி இறங்கும் மலைவாசிக்கும், மனைவி மக்களோடு மேகம் அருவிக்குப் போகும் டவுன்காரருக்கும் ஒரே பாதைதான்.

கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே பிரேக் லீவரை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். லீவர் மெல்ல மெல்ல உள்ளே போனால், அன்றைக்கு பஸ்சில் போங்கள்!