நூறு டாலரும் நான்கு உறைகளும்

நாங்கள் கழக்கூட்டத்தில் குடியேறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் அமைந்துள்ள ஊர் இது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து பணிநிமித்தமாக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்குப் பல உண்டு. எங்களுடையதும் அவற்றுள் ஒன்று. ஐந்தாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகளுக்கு, சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவைக் காண வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கோடை விடுமுறையில் அழைத்துச் செல்வதாக வாக்களித்தோம். விமானச் சீட்டு, விடுதி, நுழைவுச் சீட்டு ஆகியவற்றின் கணக்கை ஒரே மாலையில் போட்டு முடித்தோம். ஆனால் பிள்ளையின் கைச்செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற சிறிய கேள்விக்கு விடை காணத்தான் பல நாள்கள் ஆயின.

அதற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டு, உள்நாட்டிலேயே ஒரு கேளிக்கைப் பூங்காவிற்குச் சென்றிருந்தோம். பொம்மை, நிழற்படம், பனிக்கூழ் என்று மாலைக்குள் ஆன செலவு நுழைவுக் கட்டணத்தையே மிஞ்சியது. ஒவ்வொரு முறையும் சரி என்று பணத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்களே. திரும்பும் வழியெல்லாம் பிள்ளையைக் கடிந்துகொண்டவர்களும் நாங்களே. "இனிமேல் என்னை எங்கும் கூட்டிப் போக வேண்டாம்" என்று அவள் அழுதுகொண்டே உறங்கிப்போனாள். செலவான பணத்தைக் காட்டிலும் அந்த அழுகையே எங்களை வருத்தியது. எல்லை இன்னதென்று சொல்லாமலே, எல்லை மீறியதாக அவளைக் குற்றம் சாட்டியிருந்தோம்.

சேமிப்பில் அவளுக்கும் பங்கு

எனவே இம்முறை தொகையை முதலிலேயே உறுதி செய்தோம். மூன்று நாள்களுக்கு நூறு சிங்கப்பூர் டாலர். ஒரு டாலர் 70 ரூபாய் எனக் கொண்டால் 7,000 ரூபாய். உணவும் போக்குவரத்தும் நுழைவுச் சீட்டுகளும் குடும்பக் கணக்கைச் சேர்ந்தவை. பொம்மை, விளையாட்டு, இடைத்தீனி, உறவினர்க்கான அன்பளிப்பு ஆகியவை மட்டும் அவளுடைய கணக்கு. எது யாருடைய செலவு என்னும் இந்தப் பிரிவினை தெளிவாக இல்லாவிடில், எவ்வளவு பெரிய தொகையும் போதாமற்போகும் என்பதை முந்தைய ஆண்டு கற்றிருந்தோம்.

அவளுக்குப் பத்து வயது நிறைந்திருந்ததால் அவள் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கினோம். பத்து வயது நிறைந்த சிறார், வங்கி வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுத் தம் கணக்கைத் தாமே நடத்தலாம் என்பதை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுறுத்தல் உறுதிசெய்கிறது. மாதந்தோறும் 500 ரூபாய் எங்கள் கணக்கிலிருந்து அவள் கணக்கிற்குச் செல்லுமாறு நிலை உத்தரவு கொடுத்தோம். பத்து மாதத்தில் 5,000 ரூபாய் சேர்ந்தது. மீதி 2,000 ரூபாய் அவள் பொறுப்பு. பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் நாகர்கோவில் உறவினர் தந்த காசு, அண்டை வீட்டுப் பெரியவர்கள் தந்த விஷுக் கைநீட்டம் எல்லாம் அதில் சேர்ந்தன. தன் பணமும் கலந்திருந்ததால், இருப்பு எவ்வளவு என்று வாரந்தோறும் கேட்கத் தொடங்கினாள்.

புறப்படுமுன் வங்கியில்

சுற்றுலாவுக்கு நாம் பெறும் வெளிநாட்டுப் பணம், ரிசர்வ் வங்கி 2004-இல் அறிமுகப்படுத்திய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் வருகிறது. சிறார் உட்பட ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் என்பது இதன் உச்சவரம்பு. சிறாருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்தில் 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கமாகப் பெற இயலாது. மீதியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குச் செலாவணி வாங்குவோர் ரொக்கமாக அன்றிக் கணக்கின் வழியாகவே செலுத்த வேண்டும். எங்களைப் போன்ற குடும்பங்கள் இவ்வரம்புகளை எட்டுவதில்லை எனினும், அறிந்திருத்தல் நலம்.

மேலும் இரண்டு செய்திகளைக் கிளையில் கேட்டறிந்தோம். இங்கு வழங்கப்படும் பற்று அட்டையும் கடன் அட்டையும் தாமாகவே வெளிநாட்டில் செயல்படா. வாடிக்கையாளரே அவ்வசதியைத் திறந்து, செலவு வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்ததாக, வெளிநாட்டுக் கடையின் அட்டைக் கருவி, ரூபாயிலா உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்குமாயின், உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுத்தல் நன்று. ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விகிதத்தைக் கடையின் தரப்பே வகுக்கும். அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இராது.

மகளின் நூறு டாலரை மட்டும் ரொக்கமாக, சிறு தாள்களாகக் கேட்டு வாங்கினோம். அட்டையில் செலவாகும் பணம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாள் குறைவது தெரிகிறது. நான்கு உறைகளில் அவளே பிரித்து எழுதினாள்: பூங்காவிற்கு 50, மற்ற இரண்டு நாள்களுக்கு 20, அன்பளிப்புக்கு 20, இருப்பு 10. விதிகள் இரண்டே. ஓர் உறையிலிருந்து மற்றோர் உறைக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளியிலிருந்து புதுப்பணம் வராது.

பூங்காவில் ஒரு நாள்

பல சவாரிகளின் வெளிவாயில் ஒரு கடைக்குள்தான் திறக்கிறது. மனம் துள்ளிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் பிள்ளை பொம்மைகளின் நடுவே நிற்கிறது. இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லியிருந்தோம். எந்தெந்தச் சவாரிக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதையும் வீட்டிலேயே அளந்து பார்த்திருந்தோம். வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையைத் தேற்றுவதற்காகவே பெற்றோர் பொருள் வாங்கித் தருவதை முன்பு கண்டிருக்கிறோம்.

இருப்பினும், முதல் மணி நேரத்திலேயே 38 டாலருக்கு ஒரு பஞ்சுப் பொம்மையை வாங்கிவிட்டாள். நாங்கள் தடுக்கவில்லை. பிற்பகலில் 24 டாலர் விலையுள்ள தொப்பி ஒன்று அவள் கண்ணில் பட்டது. உறையில் இருந்ததோ 12 டாலர். எங்களை ஏறிட்டுப் பார்த்தாள். விதியை நினைவூட்டினோம். சற்று நேரம் நின்று, அன்பளிப்பு உறையிலிருந்து 12 டாலரை எடுத்தாள். ஆச்சிக்கும் அடுத்த வீட்டுத் தோழிக்கும் சித்தி மகனுக்கும் என்று வைத்திருந்த 20 டாலர் எட்டாகக் குறைந்தது.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் அந்த எட்டு டாலரும் இரண்டு சாவிக்கொத்துகளுக்குச் சரியாயிற்று. ஆச்சிக்கு ஒன்றுமில்லை. பனிக்கூழ்க் கடையைத் தாண்டி நடந்தவள், திரும்பி வந்து, மற்ற நாள்களுக்கான உறையிலிருந்து ஒன்பது டாலர் எடுத்துக் கோடாலித் தைலம் வாங்கினாள். "மக்களே, ஆச்சிக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

ஒரு டாலர் குறைவு

மூன்றாம் நாள் சாங்கி விமான நிலையக் கடையில் 16 டாலருக்கு ஒரு வண்ணப் பேனாப் பெட்டி. உறைகள் அனைத்தையும் கவிழ்த்து எண்ணினாள்: செலவுக்கானதில் 5, இருப்பில் 10. ஆகப் பதினைந்து. ஒரு டாலர் குறைந்தது. அந்த ஒரு டாலர் எங்கள் பணப்பையில் இருந்தது. எங்களுள் ஒருவர் கொடுத்துவிடலாம் என்றார். மற்றவர் வேண்டாம் என்றார். கொடுக்கவில்லை. அவள் அழவில்லை, எனினும் விமானத்தில் ஏறும்வரை எங்களோடு பேசவும் இல்லை.

செய்தது சரியா என்பதில் இன்றும் நாங்கள் ஒருமனப்படவில்லை. ஒரு டாலரைக் கொடுத்திருந்தால் பெருநட்டம் ஏதும் நேர்ந்திராது. ஆனால் அந்த நூறு டாலருக்குள் அவளே எடுத்த முடிவுகள் எல்லாம் அக்கணமே வெறும் விளையாட்டாகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. ஒன்று மட்டும் உறுதி: திரும்பும் வழியில் யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

36 ரூபாய் எங்கே?

ஊர் திரும்பியபின் மிச்சமான 15 டாலரோடு வங்கிக்குச் சென்றோம். செலவாகாத வெளிநாட்டுப் பணத்தைத் திரும்பிய 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது பொதுவிதி. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையிலான தாள்களையும், வரம்பின்றி நாணயங்களையும் நாமே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எனவே மாற்றியே தீர வேண்டும் என்றில்லை. மாற்ற வேண்டும் என்றவள் அவளே. மூன்று டாலர் நாணயங்களாக இருந்தன. மாற்றுவோர் பொதுவாக நாணயங்களை ஏற்பதில்லை. அவற்றை அடுத்த பயணத்திற்கென்று ஒரு டப்பாவில் இட்டுக்கொண்டாள். தாள்களாக இருந்த 12 டாலருக்கு 67 ரூபாய் வீதம் 804 ரூபாய் கிடைத்தது.

அவள் தன் குறிப்பேட்டில் கணக்கிட்டுப் பார்த்தாள். 70 ரூபாய் வீதம் என்றால் 840 அல்லவா? "36 ரூபாய் எங்கே போயிற்று?" என்று அலுவலரிடம் நேராகவே கேட்டாள். வங்கி டாலரை விற்கும் விலை ஒன்று, வாங்கும் விலை வேறொன்று என்பதையும், விலை நாள்தோறும் மாறும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். கேட்டுக்கொண்டவள், அப்படியானால் தேவைக்கு மேல் மாற்றக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, 804 ரூபாயைத் தன் கணக்கில் செலுத்தும் சீட்டை நிரப்பத் தொடங்கினாள்.