உறைக்குள் ஓர் ஊசி, மூட்டுக்குள் ஓர் ஊசி

கை வலி, மணிக்கட்டு வலி என்று எலும்பு மருத்துவரிடம் செல்பவர்களுக்கு, மாத்திரையும் மணிக்கட்டுப் பட்டையும் பயன் தராத நிலையில், அடுத்ததாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசியே. மக்கள் வழக்கில் இது ‘மூட்டுக்குள் போடும் ஊசி’ என்று வழங்கினாலும், கையைப் பொறுத்தவரை இந்த ஊசி தன் வேலையைச் சிறப்பாகச் செய்யும் இடங்கள் பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே, தசைநாண்களைச் சூழ்ந்துள்ள உறைகளிலேயே இருக்கின்றன. ஒரே மருந்து ஒரே கையில் இரண்டு விரற்கடை தள்ளிப் போடப்பட்டால் முற்றிலும் வேறான பலனைத் தருவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அம்மருந்து வந்த வழியைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிலிப் ஹென்ச், முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தாலோ, பெண் நோயாளிகள் கருவுற்றாலோ மூட்டுவலி தணிந்துவிடுவதை 1929 முதலே கவனித்துவந்தார். முடக்குவாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்கி வீங்கச் செய்யும் நோயாதலால், அத்தாக்குதலை அடக்கவல்ல ஏதோ ஒரு பொருள் உடலுக்குள்ளேயே சுரக்கிறது என்று அவர் கருதினார். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியின் புறணியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றுள் ‘காம்பவுண்ட் இ’ என்று குறிக்கப்பட்ட ஒன்று, 1948 செப்டம்பரில், நோய் முற்றி நடமாட்டம் குன்றியிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்கு நாள்தோறும் தசையில் செலுத்தப்பட, சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். கார்ட்டிசோன் என்று பின்னர் பெயர்பெற்ற அப்பொருளுக்காக ஹென்ச், கெண்டல் ஆகியோருடன் சுவிட்சர்லாந்தில் தனியே ஆய்ந்த டாடியஸ் ரைக்ஸ்டைனும் 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆயினும் பரிசு கிடைத்த காலத்திலேயே மறுபக்கமும் தெரியத் தொடங்கிவிட்டது: முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, சிலருக்கு மனநிலை பிறழ்ந்தது, மருந்தை நிறுத்தியதும் மூட்டுவலி திரும்பிவந்தது.

உடல் முழுவதும் மருந்தைப் பரப்பாமல் வலிக்கும் இடத்தில் மட்டும் வைத்தால் என்ன என்ற எண்ணம் இதிலிருந்தே பிறந்தது. ஆனால் கார்ட்டிசோனையே மூட்டுக்குள் செலுத்தியபோது எதிர்பார்த்த அளவு பலன் கிட்டவில்லை. கார்ட்டிசோன் அந்நிலையில் செயலற்ற பொருள். கல்லீரல் அதனை ஹைட்ரோகார்ட்டிசோனாக மாற்றிய பின்னரே அது வேலை செய்கிறது. எனவே மாற்றம் முடிந்த வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனையே மூட்டுக்குள் செலுத்தும் முறையை ஃபிலடெல்ஃபியாவின் ஜோசப் ஹாலண்டரும் அவருடைய குழுவினரும் 1951இல் வெளியிட, அது விரைவில் உலகெங்கும் பரவியது.

இன்று கையில் மிகுதியும் பயன்படுபவை அதன் வழிவந்த டிரையாம்சினலோன், மெதில்பிரெட்னிசலோன் என்னும் இரண்டு மருந்துகள். நீரில் எளிதில் கரையாத நுண்படிகங்களாக இவை தயாரிக்கப்படுவதால், செலுத்திய இடத்திலேயே தங்கிச் சிறிது சிறிதாகக் கரைந்து வாரக்கணக்கில் வேலை செய்கின்றன. குப்பியைக் குலுக்கிய பிறகே மருந்து எடுக்கப்படுவதும் இதனால்தான். முழங்காலுக்கு 40 மில்லிகிராம் தேவைப்படும் டிரையாம்சினலோன், விரல் மூட்டுக்கோ உறைக்கோ 10 மில்லிகிராம் அளவில் போதும். இதனுடன் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் கலக்கப்படும்போது, ஊசி போட்ட சில நிமிடங்களில் வலி மறைந்து, இரவில் அது மீண்டும் தலைதூக்கும். லிக்னோகெயினின் வேலை முடிந்துவிட்டது, ஸ்டீராய்டின் வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதே இதன் பொருள். சிலருக்குப் படிகங்களே உறுத்தி, ஓரிரு நாள் வலியை முன்னினும் கூட்டுவதுண்டு. இதனை முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடும் மருத்துவர், மறுநாள் காலையில் வரும் பதற்றமான தொலைபேசி அழைப்புகளிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்.

உறையில் போடப்படும் ஊசிக்குச் சிறந்த சான்று, சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் த கெர்வாய்ன் 1895இல் விவரித்ததும் அவர் பெயராலேயே வழங்குவதுமான நோய். கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் மேல் ஓர் இறுக்கமான உறைக்குள் செல்கின்றன. அவ்வுறை தடித்துக் குறுகும்போது, கைக்குழந்தையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், துணி பிழிவதும், மூடியைத் திருகுவதும் தாங்கமுடியாத வேலைகளாகின்றன. பிள்ளை பெற்ற சில மாதங்களில் பெண்களுக்கு இது மிகுதியாகக் காணப்படுகிறது. மருத்துவர் மெல்லிய ஊசியை உறைக்குள் சாய்வாகச் செலுத்தி அழுத்தும்போது பிஸ்டன் நகர மறுத்தால், முனை தசைநாணுக்குள் புகுந்திருக்கிறது என்று பொருள். இம்மி அளவு பின்னிழுத்ததும் தடை விலகி, மருந்து ஓடுவதும் உறை நீளவாக்கில் புடைப்பதும் விரலுக்கே தெரியும். தசைநாணுக்குள்ளேயே மருந்தை அழுத்தினால் அது பின்னாளில் அறுந்துபோகக்கூடும் என்பதால் இந்தக் கைப்பழக்கம் அற்பமானதன்று. பெரும்பான்மையோர் ஒன்றிரண்டு ஊசிகளிலேயே குணமடைகின்றனர். குணமடையாதவர் பலரிடம் உறைக்குள் ஒரு குறுக்குச்சுவர் இருந்து, இரண்டு தசைநாண்களையும் தனித்தனி அறைகளாகப் பிரித்திருக்கும். மருந்து ஓர் அறையை நனைத்து மற்றதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்துக்கொண்டே போடுவது இவ்விடத்தில்தான் உண்மையில் பயன்படுகிறது.

இதே இடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உறை தோலுக்கு மிக அருகில் இருப்பதால், கசியும் மருந்து தோலின் நிறத்தை வெளிறச் செய்து, அடியிலுள்ள கொழுப்பையும் கரைத்து, காசளவில் ஒரு வெண்குழியை உண்டாக்கலாம். பல மாதங்களில் இது பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்றாலும், வெள்ளைத்தோல் நோயாளிகளை முன்வைத்து எழுதப்பட்ட பாடநூல்கள் இதனைச் சிறு குறிப்பாகக் கடந்துவிடுகின்றன. மாநிறத்தோரும் கறுத்தோரும் வாழும் நாட்டில், அதிலும் வெண்புள்ளி என்றாலே அஞ்சும் குடும்பங்களில், ஊசிக்கு முன் சொல்லவேண்டிய முதல் செய்தி இதுவாகவே இருக்க வேண்டும்.

மடக்கிய விரல் மாட்டிக்கொண்டு, ‘டக்’ என்ற துள்ளலோடு நிமிரும் டிரிக்கர் ஃபிங்கர் நோயிலும் உள்ளங்கைப் பக்கத்து உறையின் வாயிலே குறுகியிருப்பதால் ஊசி நன்கு பலிக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இந்நோய் மிகுதி, ஊசியின் பலனோ குறைவு. மேலும் ஊசிக்குப் பின் சில நாள்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, இரத்தச் சர்க்கரை ஏறுவதால் அந்நாள்களில் அடிக்கடி அளந்து பார்ப்பது அவசியம்.

கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை மரத்து எரியும் மணிக்கட்டுக் குகை நோயில் நிலைமை சற்று மாறுகிறது. ஒன்பது தசைநாண்களோடு நடு நரம்பும் நெருங்கிச் செல்லும் குறுகிய வழியே அக்குகை. ஸ்வீடனில் 111 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான சோதனையில், மெதில்பிரெட்னிசலோன் பெற்றவர்கள் பத்தாவது வாரத்தில் வெற்று ஊசி பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தனர். ஆயினும் ஓராண்டுக்குள் வெற்று ஊசிக் குழுவில் 92 விழுக்காட்டினரும், 80 மில்லிகிராம் பெற்ற குழுவில் 73 விழுக்காட்டினரும் அறுவை சிகிச்சைக்குச் சென்றனர். அதாவது பலருக்கு ஊசி தருவது சில மாத அவகாசமே. கருவுற்ற காலத்தைப் போலத் தானே விலகக்கூடிய காரணம் இருக்கும்போது அந்த அவகாசம் பெருமதிப்புடையது. உள்ளங்கைத் தசை மெலியத் தொடங்கியவருக்கோ அந்த அவகாசமே கேடாக முடியும்.

மூட்டுக்கு வருவோம். முடக்குவாதத்தில் வீங்கிய மணிக்கட்டுக்குள் இந்த ஊசி வீக்கத்தை வடியச் செய்வதில் ஐயமில்லை, ஏனெனில் அங்கே அடக்கப்பட வேண்டிய அழற்சி கண்முன் இருக்கிறது. ஆனால் நடுவயதைக் கடந்தோர், குறிப்பாகப் பெண்கள், மிகுதியாக ஊசி கேட்டு வருவது கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்காக. குதிரைச் சேணம் போல வளைந்து ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்த இரு எலும்புகளின் குருத்தெலும்பு தேய்ந்துபோவதே அங்குள்ள நோய். தேய்ந்த குருத்தெலும்பை ஸ்டீராய்டு வளர்ப்பதில்லை. 40 பேரைக் கொண்டு 2004இல் வெளியான ஒரு சோதனையில், இம்மூட்டில் ஸ்டீராய்டு பெற்றவர்களும் வெறும் உப்புநீர் பெற்றவர்களும் 24 வாரங்களின் முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையும், கைமூட்டுத் தேய்மானத்துக்கு இந்த ஊசியைப் பொதுவாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும், வலிமிகுந்த விரல் இடைமூட்டுகளில் மட்டும் எண்ணிப்பார்க்கலாம் என்றும் கூறுகிறது. ஆயினும் மருத்துவமனைகள் பலவற்றில் நடப்பு இதற்கு மாறாகவே தொடர்கிறது.

ஊசியைத் தவிர்க்க வேண்டிய நிலைகளும் உண்டு. ஒற்றை மணிக்கட்டு மட்டும் மாதக்கணக்கில் வீங்கியிருந்தால், காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில் அது மூட்டுக் காசநோயாக இருக்கக்கூடும். அதற்குள் ஸ்டீராய்டைச் செலுத்துவது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். ஒரே இடத்தில் மீண்டும் ஊசி போடுவதற்குக் குறைந்தது மூன்று மாத இடைவெளி என்பது மருத்துவர்களிடையே நிலவும் வழக்கம். அறுவை சிகிச்சை நெருங்கியிருக்கும்போதும் இவ்விடைவெளி பொருந்தும்: ஊசி போட்ட சில வாரங்களுக்குள் அதே இடத்தைத் திறந்தால் சீழ்பிடிக்கும் வாய்ப்பு கூடுவதாகக் கண்டிருப்பதால், அறுவைக்கு நாள் குறித்தவர்கள் ‘அதுவரை தாங்குவதற்கு ஓர் ஊசி’ என்று வேறொரு மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாகாது, போட்டிருந்தால் அறுவை மருத்துவரிடம் அதனை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

(தொடரும்)